நாலாவது ஆள்

செப். 28, சனி

காலையில் வெயில். பத்து மணிக்கு மழை. துணி காயப் போட்டதும் மறுபடி வெயில். ஓக்லண்ட் வழக்கம்.

பள்ளி விடுமுறை. எனக்கும் வசந்திக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு, இந்த முறை கிடைத்தது. கோல்ட் கோஸ்ட் எல்லாம் வேண்டாம், மனுரேவாவிலிருந்து பார்க்கக்கூடியதைப் பார்ப்போம் என்று முடிவு. தீம் பார்க் ஒரு நாள். வைஹேக்கித் தீவு ஒரு நாள். பறவைத் தீவு ஒரு நாள். அபிக்கு எட்டு வயது, பிறந்த ஊரை இன்னும் சுற்றிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஸ்கான். அது சுற்றுலாவில் சேர்த்தியில்லை.

வசந்திக்கு, வ.க்கு, இப்போது ஒன்பது வாரம். யாருக்கும் சொல்லவில்லை, அபிக்கும் இல்லை. முன்பு இரண்டு முறை இந்தக் கட்டத்தில்தான் கலைந்தது. இரண்டு முறையும் அடுத்த திங்கள் வேலைக்குப் போய்விட்டோம். பிறகு அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

பின்னேரம் கார் கழுவினேன். காரின் முன்பெட்டிக்குள் கிடந்த கல்லை வ. எடுத்து வெளியே வைத்தாள். இந்தக் கல்லைப் பற்றி எழுத வேண்டும். மூன்று பேராகப் புறப்பட்டால் போன காரியம் சரிவராது என்பது அவள் வீட்டு நம்பிக்கை. எங்கள் வீட்டிலும் சொல்வார்கள், நான் பொருட்படுத்தியதில்லை. அபி பிறந்து மூன்று பேரான நாள் முதல் இந்தக் கல்தான் எங்களுக்கு நாலாவது ஆள். உருளைக்கிழங்கு அளவு, கறுப்பு, பின்வளவில் பொறுக்கியது. சிற்றிசன்ஷிப் எடுக்கப் போனபோது வந்தது. வீட்டு ஏலத்துக்கும் வந்தது. (வீடு வேறொருவருக்குப் போனது. கல் என்ன செய்யும்?) அபி அதற்கு நம்பர் ஃபோர் என்று பெயர் வைத்திருக்கிறாள்.

இன்று வ. அதைக் கறிவேப்பிலைச் சாடியடியில் வைத்தாள்.

"இவருக்கு இனி லீவு. நாங்கள் நாலு பேர்."

"ஸ்கான் முடியட்டுமே" என்றேன்.

"முந்தின ரெண்டையும் எண்ணேல்லை. இதை எண்ணுவம். வந்தாலும் வராட்டிலும்."

கிடங்கில் எனக்கு இருப்புக் கணக்கு வேலை. கப்பலில் வந்துகொண்டிருக்கும் சாமானை நாங்கள் இருப்பில் சேர்ப்பதில்லை. வந்து இறங்கி, பெட்டியைக் கையால் தொட்ட பிறகுதான்.

வ. குளிக்கப் போனதும் கல்லை எடுத்து என் முதுகுப்பைக்குள், மழைக்கோட்டுக்கு அடியில் வைத்தேன். எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆபத்துக்குப் பாவமில்லை.

செப். 29, ஞாயிறு

கோடை நேரம் தொடங்கியது. ஒரு மணி நேர நித்திரை களவு போனது. அடுப்பு மணிக்கூட்டை மாற்றத் தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

தீம் பார்க். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். உருளைக்கிழங்குச் சிப்ஸ் வாசம், சன் கிரீம் வாசம். எனக்கு முன்னால் ஒரு தகப்பன் மகனிடம்: "இதுல ஏறி வாந்தி எடுத்தேன்னா வீட்டுக்கு நடந்தே வா." அபி வந்ததும் வராததுமாக ரோலர் கோஸ்டர் வரிசையில் நின்றாள். அம்மாவும் வர வேண்டும்.

"அம்மா, யூ ப்ராமிஸ்ட்!"

"எனக்கு நாரி நோகுதம்மா, இடுப்புப் பிடிச்சிருக்கு. அப்பாவோட போங்கோ."

கர்ப்பிணிகள் ஏறக்கூடாது என்று பெரிய பலகை. அபி அதையும் சத்தமாக வாசித்தாள். நல்லவேளை, மேலே யோசிக்கவில்லை.

நான் ஏறினேன். உச்சியில் பெட்டி ஒரு கணம் நின்றபோது கீழே வ. தெரிந்தாள். மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள், மடியில் என் முதுகுப்பை, இரண்டு கைகளும் அதன்மேல். அதற்குப் பிறகு எதையும் பார்க்கும் நிலையில் நான் இல்லை. இறங்கி வந்ததும் கேட்டாள்:

"என்ன இந்தப் பாரம்? என்னத்தை அடைஞ்சு வைச்சிருக்கிறியள்?"

"கமரா, தண்ணிப் போத்தல்."

பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். முகம் சுட்டது.

அபியின் நடன வகுப்பில் பழக்கமான கவிதாவைக் கண்டோம். கிளென்ஃபீல்டில் வீடு, சொந்த ஊர் திருச்சி. "ஏங்க, நீங்க எதுலயும் ஏறலையா? விசேஷம் ஏதாச்சும்...?" என்று இழுத்தார். "ஐயோ இல்லை, நாரிப்பிடிப்பு" என்றாள் வ. கவிதா தலையாட்டிவிட்டு டப்பாவைத் திறந்து உப்பு மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்த் துண்டுகளை நீட்டினார். வ. ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை. கவிதா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. போகும்போது மட்டும், "உடம்பப் பாத்துக்கங்க" என்றார்.

செப். 30, திங்கள்

விடாத மழை. பக்குரங்கா பிளாசாவில் அபிக்குச் சப்பாத்து. பழையது கடிக்கிறதாம். புதியது கூடக் கடிக்கும், பொறுத்திருந்து பார்க்கட்டும்.

பறவைத் தீவுக்குப் போகும் படகிலிருந்து செய்தி. சப்பாத்தில் மண் இருக்கக்கூடாது. சாப்பாடு மூடி இறுகிய பெட்டியில். எலி, எறும்பு, விதை எதுவும் தீவுக்குள் போகக்கூடாது. அபி அதைப் பள்ளிக்கூடத்து ரீச்சர் மாதிரி எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். சப்பாத்துகளைத் தேய்த்துக் கழுவினேன். பையை நினைக்கவே இல்லை.

வ. பகல் முழுக்கப் படுக்கை. பாத்ரூம் போய் வரும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்கிறேன். நான் பார்ப்பதை அவளும் பார்க்கிறாள். "ஒண்டுமில்லை" என்கிறாள்.

அக். 1, செவ்வாய்

வைஹேக்கி. வானம் துப்புரவு. படகு நகரத்தை விட்டுத் தாண்டுவதற்குள் வ. வாந்தி. முன் இருக்கையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி இஞ்சி மிட்டாய் கொடுத்து முதுகைத் தடவிவிட்டாள். வாந்தி வருவது நல்ல அறிகுறி என்று இணையத்தில் போட்டிருக்கிறதாம். இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் வாந்தி எடுத்து நான் கண்டதில்லை.

பஸ். மலை ஏற்றம் இறக்கம், எங்கு பார்த்தாலும் திராட்சைத் தோட்டம். கடற்கரையில் ஆளில்லை. தண்ணீர் ஐஸ். அபி முழங்காலளவு இறங்கிக் கத்திக்கொண்டே நின்றாள், வெளியே வரவும் மாட்டாள்.

மத்தியானம் மீனும் சிப்ஸும். வ. நாலு துண்டு மீன் சொன்னாள்.

அபி: "வை ஃபோர்? நம்பர் ஃபோர் இஸ் அட் ஹோம்."

வ.: "எனக்குப் பசி."

என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பை என் காலடியில் இருந்தது. அதை வாங்குக்குக் கீழே காலால் தள்ளினேன். நாலாவது துண்டை அவளும் சாப்பிடவில்லை, கடற்பறவை தூக்கிக்கொண்டு போனது.

வீட்டுக்கு வந்ததும் கல்லைத் திருப்பிச் சாடியடியில் வைக்க நினைத்தேன். வ. வாசலிலேயே நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இவரை எங்கை காணேல்லை?"

"அபி எங்கையாவது வைச்சிருப்பாள்" என்றேன்.

அக். 2, புதன்

மேகமூட்டம். வீட்டில். குப்பை நாள், மறந்துபோனேன்.

வ.க்கு அடிவயிற்றில் லேசான நோ. மிட்வைஃபுக்கு போன் செய்தோம். இரத்தம் இல்லையென்றால் இருந்து பார்க்கலாம், வெள்ளிக்கிழமை ஸ்கான் இருக்கிறதுதானே என்றார். நாளைய பயணத்தை விடுவோமா என்று கேட்டேன். "வீட்டிலை இருந்து சுவரைப் பாத்தால் எல்லாம் சரிவருமே? போவம்" என்றாள்.

பயமாக இருக்கிறது. வேறு சொல் இல்லை.

அக். 3, வியாழன்

விடிய எழும்பிப் புளிச்சோறு கட்டினோம். திரித்திரி மாதங்கி, அதுதான் பறவைத் தீவின் பெயர். நகரத் துறையில் படகுக்கு வரிசை. பச்சைச் சட்டைப் பெண் ஒருத்தி மேசை போட்டு எல்லாருடைய பைகளையும் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரிசையை விட்டு விலகவும் வழியில்லை.

மழைக்கோட்டைத் தூக்கினாள். கல்லை எடுத்தாள். அடியில் காய்ந்த மண், அதில் சின்ன நத்தை ஒன்று. இது உங்களுடையதா என்று கேட்டாள்.

நான் வாய் திறப்பதற்குள் அபி: "தட்ஸ் நம்பர் ஃபோர்!" பிறகு அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் முழு விளக்கம். நாங்கள் மூன்று பேர், மூன்று பேராக எங்கும் போகக்கூடாது, அதனால் இவரும் எங்களோடு வருவார் என்று. அப்படியானால் நாலு டிக்கெட் எங்கே என்று அந்தப் பெண் கேட்டாள். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். வ. சிரிக்கவில்லை. கல்லைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, திரும்பி வரும்போது தருகிறேன் என்றாள் அந்தப் பெண்.

படகில் வ. அபிக்கு அந்தப் பக்கம் போய் இருந்தாள். இன்று வாந்தியும் இல்லை.

தீவு அழகு. அதைச் சொல்லத்தான் வேண்டும். காட்டுக்குள் பறவைச் சத்தம் காதை அடைக்கிறது. கலங்கரை விளக்கடியில் தக்காஹே ஜோடி ஒன்று புல் மேய்ந்தது. கோழியை விடப் பெரிது, நீலம், சிவப்புச் சொண்டு. வழிகாட்டி ஒருவர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார், இந்த இனம் அழிந்துபோனது என்று ஒரு காலம் எழுதியே விட்டார்களாம். அபி அதுகளுக்குப் பின்னால் பூனை நடை நடந்தாள். நாங்கள் வாங்கில்.

"ஆர் வைச்சது?"

"நான்."

"எப்ப?"

"சனிக்கிழமை."

"அப்ப தீம் பார்க்கிலை நான் மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தது..."

"ஓம்."

"வைஹேக்கிக்கும்?"

"ஓம்."

புளிச்சோற்றுப் பெட்டியை மூடினாள்.

"அப்ப நீங்கள் எண்ணேல்லை."

அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தேன். மடத்தனம். "வந்து இறங்காத சாமானை எண்ணுறேல்லை வசந்தி. எங்கட வேலையிலை அப்பிடித்தான்" என்றேன்.

"நான் என்ன கொண்டெய்னரே?"

அபி தூரத்திலிருந்து கையசைத்தாள். இரண்டு பேரும் கையசைத்தோம்.

"ரெண்டு தரமும் திங்கக்கிழமை நீங்கள் வேலைக்குப் போனியள். நானும் போனனான். ஏன் தெரியுமே? நீங்கள் போறியள், அப்ப ஒண்டும் நடக்கேல்லையாக்கும் எண்டு." குரல் உயரவில்லை. "இந்தமுறையும் நான் ஒராள்தான் எண்ணிக்கொண்டு திரியிறன்."

எண்ணினால் பிறகு கழிக்க வேண்டிவரும், அதற்குத்தான் பயம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "புதுச் சப்பாத்து இவளுக்குக் கடிக்குது போலை, நொண்டுறாள்" என்றேன். வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்தபோது பச்சைச் சட்டைப் பெண் மறக்காமல் கல்லைக் கொண்டுவந்து தந்தாள். வ. நில்லாமல் நடந்தாள். கார் நிறுத்திய இடத்தில் பூச்செடிகளுக்கு நடுவே கறுப்புக் கற்கள் பரப்பியிருந்தார்கள். எங்களுடையதையும் அங்கே போட்டேன். அடுத்த நிமிடம் எது என்று எனக்கே தெரியவில்லை.

"கல்லை எறிஞ்சாப்போலை எண்ணினதாகுமே?" என்றாள்.

அக். 4, வெள்ளி

மழை. மோட்டர்வேயில் நெரிசல். அபியை விட ஆள் இல்லை, கூட்டிக்கொண்டு போனோம். காத்திருக்கும் இடத்தில் வ. அவளிடம் சொன்னாள்.

"அம்மான்ரை வயித்துக்குள்ளை ஒரு பேபி, அபி. சுகமாய் இருக்கோ எண்டு பாக்கத்தான் வந்தனாங்கள்."

அபி: "இஸ் தட் வை நோ ரோலர் கோஸ்டர்?"

"ஓம்."

"ஓகே."

அறை இருட்டு. ஸ்கான் எடுத்த பெண் திரும்பத் திரும்ப அளந்தாள். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். ஒரு பயறளவு. நடுவில் மினுக்கம். துடிப்பு இருக்கிறது, ஆனால் கொஞ்சம் மெதுவாக இருக்கிறது, ஒன்பது வாரத்துக்கு அளவும் சிறிது என்றாள். நாளைத் தவறாகக் கணித்திருக்கலாம். வேறு காரணமாகவும் இருக்கலாம். ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பார்த்தால்தான் தெரியும். வ. நன்றி சொன்னாள். நான் பேப்பர் துவாய் எடுத்துக் கொடுத்தேன்.

காருக்குள் ஏறினோம். கண்ணாடியெல்லாம் ஆவி. அபி பின்னாலிருந்து:

"ஸோ, ஆர் வீ த்ரீ ஓர் ஃபோர்?"

வ. என்னைத்தான் பார்த்தாள்.

"நாலு" என்றேன்.

"பட் ஷீ செட் தே டோன்ட் நோ யெட்."

"தெரியாட்டிலும் நாலு."

வ. சீட் பெல்ட்டின் கீழ்ப் பட்டியை வயிற்றுக்குக் கீழே இறக்கி, சரியாகப் போட்டுக்கொண்டாள். காரை எடுத்தேன்.

அடுத்த வெள்ளி மறுபடி ஸ்கான். லீவு கேட்க வேண்டும். அதற்கடுத்த திங்களுக்கும்.