அம்மாவின் வலது கன்னம்

கிள்ளான்,
14.8.1993

அன்பு மகள் ரமணிக்கு அப்பா நாகையா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பச்சைப்பிள்ளையும் பெர்த்தில் நல்லபடியாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை போகவில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் பிரசவத்துக்கு வர அம்மாவுக்குப் பாஸ்போர்ட் தாமதம், பல் பிடுங்கியதால் போனில் பேச முடியவில்லை என்று நான் சொன்னதெல்லாம் பாதிதான் உண்மை. பல் பிடுங்கியது நிஜம், நான்கு பல். பாஸ்போர்ட் ஏப்ரலிலேயே வந்து அலமாரியில் கிடக்கிறது. அம்மாவுக்கு இடது கன்னத்தின் உள்ளே புற்றுநோய், அவள் வெற்றிலை புகையிலை ஒதுக்குகிற இடம். நீ மாசமாக இருந்தாய், பிள்ளை பிறக்கும்வரை சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கரண்ட், அதாவது புற்றைக் கருக்கும் கதிர், வைத்தார்கள். டாக்டர் ஜெயராஜ் தமிழர்தான், பொறுமையாகச் சொன்னார். இரண்டு காதுக்கும் கீழே எச்சில் சுரக்கும் சுரப்பி இருக்கிறதாம். இடது பக்கம் கதிரில் கருகிப் போகும், அதற்கு வழியில்லை. கதிரைச் சாய்த்துவிட்டால் வலது பக்கத்தைக் காப்பாற்றலாம், ஆனால் தலை இம்மியும் அசையக்கூடாது, இரண்டும் போய்விட்டால் ஆயுசுக்கும் வாய் வறண்டே இருக்கும், தண்ணீர் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது என்றார். அசையாமலிருக்க அம்மாவின் முகத்துக்கு அளவெடுத்து பிளாஸ்டிக் மூடி செய்து, அதை மேசையோடு சேர்த்து முடுக்கினார்கள். முதல் நாள் அம்மா காலை உதைத்துக்கொண்டு அலறிவிட்டாள். நிறுத்திவிட்டார்கள். வெளியே வந்து, "என்னால முடியாதுங்க, வாய் காஞ்சா காஞ்சிட்டுப் போவுது" என்றாள். இப்படி அசைந்தால் கதிர் நோயில் படாமல் தப்பிவிடும், அதனால் கதிரை அகலமாகத்தான் வைக்க வேண்டியிருக்கும், வலது சுரப்பியும் போய்விடும், திங்கட்கிழமைவரை பார்ப்போம் என்றார் டாக்டர்.

எனக்குப் பயமோ அழுகையோ எதுவும் வரவில்லை ரமணி. வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன், கஞ்சி வைத்தேன். சனியும் ஞாயிறும் அவளைப் பெஞ்சில் படுக்கவைத்து அரிசி வடிக்கும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டை முகத்தின்மேல் வைத்துப் பழக்கினேன். சும்மா இருந்தால் திணறினாள். என்ன பேசுவதென்று தெரியாமல், கார்டாக நான் முப்பது வருஷம் போய்வந்த ரயில் பாதையைச் சொன்னேன், கோலாலம்பூர், பெட்டாலிங், சுங்கைவே என்று. கிள்ளான் வரும்வரை அசையாமல் கிடந்தாள். திங்கட்கிழமை அங்கே வேலை செய்யும் மலாய்க்காரப் பெண்ணிடம் கெஞ்சி, வெளி அறை மைக்கில் பேச அனுமதி வாங்கினேன். அந்தப் பெண், "ஆன்டி, ஜாங்ஙான் கெராக் யா" என்று அசையாதிருக்கச் சொன்னதும் நான் தொடங்குவேன். அப்படித்தான் தினமும் நடந்தது. நாலாவது வாரம் ஒரு நாள் பத்து தீகா என்று சொன்னேன், அடுத்த ஸ்டேஷன் என்னவென்று வரவேயில்லை. மைக்கைப் பிடித்தபடி நின்றேன். கண்ணாடி வழியே பார்த்தால் அவள் அசையவில்லை. நான் வாயடைத்துப் போனதைக் கேட்டுக்கொண்டே, முடியும்வரை கல் மாதிரி கிடந்திருக்கிறாள். வெளியே வந்து, வெந்துபோன வாயைத் திறக்க முடியாமல் திறந்து, "பாடாங் ஜாவாவ விட்டுட்டீங்க" என்றாள்.

போன புதன்கிழமை டாக்டர் பார்த்தார். கன்னத்துப் புண் ஆறியிருக்கிறது, ஆனால் இப்போதே முடிவாகச் சொல்ல முடியாது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும் என்றார். பிறகு வலது கன்னத்தின் உள்ளே பஞ்சால் துடைத்துவிட்டு, நாக்கில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் நனைந்தது. "பாருங்க, வேலை செய்யுது" என்றார். நான் அடுத்த முறை எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டேன். அன்று மத்தியானம் அம்மா நீர் மோர் ஊற்றிக் குழையப் பிசைந்து இரண்டு வாய் சோறு தின்றாள். இடது பக்கம் வறண்டுதான் கிடக்கிறது, ருசி ஒன்றும் தெரியவில்லையாம்.

என்னைக் கோபித்துக்கொள், அவளைக் கோபிக்காதே. உடனே டிக்கெட் எடுத்து ஓடிவராதே, பிள்ளைக்கு உடம்பு தேறட்டும். நீங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் போன் பண்ணு, அம்மாவே பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள். நடுநடுவே நிறுத்தித் தண்ணீர் குடிப்பாள். சத்தம் வரவில்லையே, லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே, காத்திரு.

உன் அப்பா,
மு. நாகையா