குறைத்த மருந்தும் எடைக்கல்லும்

முருகன் துணை

சுங்கை ரம்பாய்
14.6.1998

அன்பு மகள் திலகாவுக்கு அப்பா எழுதுவது. லண்டன் குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் வேலைக்குப் போய்வர அந்த முருகன் காக்க வேண்டும். நான் சுகம். அம்மாவும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, உன்னிடம் மறைக்கவும் மனமில்லை. அவள் இடது கண் இமை தொங்கிப்போனதையும் தலைவலியையும் உன் அண்ணன் காந்தன் போனில் சொல்லியிருப்பான். மூளைக்குப் போகிற இரத்தக் குழாயில் வீக்கம் இருக்கலாம், கையில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தால்தான் தெரியும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சரி என்றோம். அங்கேதான் எனக்குச் சந்தேகம் பிடித்தது. அங்கிருந்த டாக்டர் பெண், நம் தமிழ்ப் பிள்ளைதான், அம்மாவுக்கு ஒல்லி உடம்பு, சீனி வியாதியால் கிட்னியும் வீக், அதனால் எடை பார்த்து மருந்தையும் எக்ஸ்ரே கதிரையும் குறைத்தே எடுப்போம் என்றாள். கதிரின் வேகத்தைக் குறைத்தால் கொஞ்ச மருந்தே பளிச்சென்று தெரியுமாம். எண்ணெயைக் குறைத்தால் விளக்கு நன்றாக எரியும் என்று சொன்னால் நீ நம்புவாயா? எஸ்டேட்டில் ரப்பர் பால் நிறுக்கும்போது கணக்கெழுதுகிற கிராணி ஒருநாளாவது கூட எழுதியிருக்கிறானா? குறைச்சல் என்று எவன் சொன்னாலும் அது நமக்குத்தான் குறைச்சல். காசுள்ளவன் வீட்டு அம்மா என்றால் முழு மருந்து போட்டிருப்பார்கள் என்று காந்தனிடம் சொன்னேன், அவன் சும்மா இருங்கப்பா என்று என்னையே அதட்டுகிறான்.

எடைதானே கணக்கு என்று நானும் ஒரு வழி பார்த்தேன். உறைந்த கட்டிப்பாலுக்குள் கல் வைத்து நிறுத்தவர்கள் நம் லயத்து வீடுகளிலேயே உண்டு, உனக்குத் தெரியும். அன்னம்மாக்கா மளிகைக் கடையில் சும்மா கிடந்த பழைய எடைக்கற்களை வாங்கித் துணியில் சுற்றி, அம்மாவின் இடுப்பில் சேலைக்கு உள்ளே கட்டிவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் கட்டிய கட்டோடு உள்ளே போனாள். படம் எடுத்து முடிந்ததும் மலாய்க்கார நர்ஸ் மிஸி சிரித்துக்கொண்டே வந்து, பாக்சிக், பெரியவரே, இது உங்களோடதா என்று அந்தத் துணி முடிச்சை என் கையில் வைத்தாள். தராசில் ஏறும் முன்பே உன் அம்மா அதை அவிழ்த்துக் கொடுத்துவிட்டாளாம்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பக்கத்தில் நின்ற டாக்டர் பெண் மட்டும் சிரிக்கவில்லை. எடையை நம்பி மருந்தைக் கூட்டியிருந்தால் இருக்கிற கிட்னியும் போயிருக்கும் மாமா என்றாள். அந்த முடிச்சை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

படத்தில் பச்சைப் பட்டாணி அளவுக்கு ஒரு வீக்கம் தெரிகிறது. அடுத்த வாரம் கோலாலம்பூரில் ஆபரேஷன். தெங்கேராவில் வேறு ஒரு டாக்டரிடமும் காட்டினேன், அவரும் படம் தெளிவு என்கிறார். இரண்டு பேரும் ஒரே இடத்தில் படித்தவர்களோ என்னவோ. காந்தன் படத்தை ஜன்னலில் ஒட்டி போட்டோ எடுத்தான், இத்துடன் இருக்கிறது. நீயும் நர்ஸ்தானே, யாரிடமாவது காட்டி, உள்ளது உள்ளபடி போனில் சொல். போன தடவை போனில், மருந்தைக் குறைச்சா நல்லதுதாம்ப்பா என்று நீ சொன்னபோதே உன் குரல் ஒரு மாதிரி இருந்தது. அப்பாவிடம் சமாதானம் பேசாதே.

பஸ்ஸில் வரும்போது அம்மாவிடம் ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். கல்லு மருந்தெல்லாம் நான் சுமந்தா நீங்க எதைச் சுமப்பீங்க, பயத்தை மட்டுமா என்றாள். அவள் இல்லாமல் எனக்கு ஒன்றும் தெரியாது திலகா.

வேளைக்குச் சாப்பிடு, காதில் துணி கட்டாமல் வெளியே போகாதே. ஆபரேஷன் அன்றைக்கு அங்கே கோயில் இருந்தால் ஒரு அர்ச்சனை செய். நீ நூறாண்டு நலமாக இருக்க அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். அன்னம்மாக்கா கல்லைக் கேட்டு ஆள் அனுப்பிவிட்டாள். அம்மா ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குத் திரும்பி வரட்டும், அவள் கையாலேயே கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு
உன் அப்பா
பிச்சைமுத்து