நாற்பத்தொரு மான்ஹோலும் ஒரே பெயரும்

2007 ஒக்டோபர் 2, செவ்வாய்

இந்தக் கொப்பியில் நான் இனி எழுதப்போகும் சரித்திரத்தை ஒருவரும் நம்பப்போவதில்லை. நம்புகிறவர் இருந்தால் அவரை உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஆவி பறக்கும் பிளேன்ரீக் கோப்பையின்மேல் கைவைத்து இதைச் சத்தியம் செய்கிறேன். கை சுட்டது. சத்தியம் சத்தியம்தான்.

நான் ஹியூபேட், கொட்டாஞ்சேனையின் முடிசூடாப் படவரைஞன், வயது அறுபத்தொன்று. முப்பத்தாறு வருஷ அரசாங்கச் சேவையில் நான் மையால் இழுத்த கோடுகளை முடிந்து கட்டினால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு ரீ குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நிற்காமல் திரும்பி வரலாம். இளைப்பாறியும் உலகம் என்னை விடவில்லை. என் அக்காவின் மகள் செலீன் வெள்ளவத்தையில் ஒரு சின்ன அலுவலகத்தில் எஞ்சினியர். "மாமா, வீட்டில தனிய இருந்து சுவரோட கதைக்கிறதுக்கு இஞ்ச வந்து கொம்பியூட்டரோட கதையுங்கோ" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தனிய. ஓம். என் மனைவி கொன்ஸ்ரன்ஸ் கோபித்துக்கொண்டு போய் இன்றோடு பதினாறு நாள்.

ஒரு கலியாண எழுத்து வீட்டில், சாப்பாட்டு மேசையில், மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் நான் ஒரு சின்னக் கதைதான் சொன்னேன். என் மனைவியை எனக்கு முன்னமே பெண் கேட்டு ஒரு கப்பல் கப்டன் வந்தான், அவள் மாட்டேன் என்றதும் துறைமுகத்திலேயே கப்பலை மறந்துவிட்டு நடந்து போனான் என்று. எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, தன் அக்கா நேசமக்காவோடு கிருலப்பனையில் அவவின் வீட்டுக்கு ஏறிவிட்டாள். ஏறுமுன் சொன்னாள்: "முப்பத்திமூண்டு வருசம். உங்கட வாயில இருந்து எனக்கெண்டு ஒரு உண்மை வந்ததில்லை."

நல்ல கதைதானே? என்ன பிழை அதில்?

ஒக்டோபர் 3

எட்டு மணித்தியாலம் திரைக்கு முன்னால். ஓர் எழுத்து தலைகீழாக நின்றது. ஏன் என்று தெரியவில்லை. நானும் தலைகீழாக நின்று பார்த்திருப்பேன், முதுகு சம்மதிக்கவில்லை.

ஒக்டோபர் 5, வெள்ளி

வேலை இதுதான். முகத்துவாரத்தில் ஓர் ஒழுங்கை. நாலு துளி மழை விழுந்தால் அங்கே கட்டில்கள் மிதந்து இந்தியாவுக்குப் போய், விசா இல்லாமல் திரும்பி வருகின்றன. அதற்கு நிலத்தடி வடிகான் போடுகிறார்கள். ஆள் இறங்கித் துப்புரவாக்க நாற்பத்தொரு மான்ஹோல். பிளானில் ஒவ்வொரு மான்ஹோலுக்கும் பக்கத்தில் அதன் பெயர், நில மட்டம், ஆழம் மூன்றும் தெரிய வேண்டும். அந்த எழுத்துக்குப் பெயர் லேபல். அது எப்படித் தெரியவேண்டும் என்ற சட்டத்துக்குப் பெயர் லேபல் ஸ்ரைல். அந்தச் சட்டத்தை இயற்றும் பாராளுமன்றம் நான்.

தலைமயிருக்கு ஸ்ரைல் கேள்விப்பட்டிருக்கிறேன். மான்ஹோலுக்குமா?

செலீன் பொறுமையாகத்தான் சொன்னாள். "மாமா, இது நீங்கள் எழுதுற எழுத்தில்லை. லேபல் தானே போய் மான்ஹோலைப் பாத்து வாசிக்கும். எதை வாசிக்கோணும், எந்த அளவில, எந்தப் பக்கத்தில எண்டு மட்டும் நீங்கள் சொல்லுறீங்கள்."

"அப்ப ஆழத்தை நான் எழுதத் தேவையில்லையோ?"

"இல்லை."

"மான்ஹோல் பொய் சொன்னா?"

"மான்ஹோல் உங்களைப்போல இல்லை மாமா."

பிறகு ஒரு லேபலைக் கொம்பியூட்டர் எலியால் பிடித்துக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். அவ்வளவுதான், பெட்டி மறைந்தது, எழுத்து குறுகியது, அம்புக்குறி வைத்த ஒரு வால் முளைத்தது. நான் கையை எடுத்துவிட்டேன், கடிக்குமோ என்று. "இழுத்தா அப்பிடித்தான்" என்றாள் செலீன். "இழுத்த பிறகு என்ன வடிவத்தில நிக்கோணும் எண்டதுக்கு வேற பக்கம் இருக்கு."

வீட்டில் இருந்தபோது ஒரு வடிவம். கிருலப்பனைக்கு இழுத்த பிறகு வேறு வடிவம். அந்த வேறு பக்கத்தை எங்கே திறப்பது?

ஒக்டோபர் 8, திங்கள்

கிருலப்பனைக்கு ரெலிபோன் எடுத்தேன். நேசமக்காதான் எடுத்தா.

"அவ கதைக்கமாட்டாவாம். ஒரு உண்மை சொல்லட்டாம். ஒண்டே ஒண்டு. சொன்னா வாறாவாம்."

இவ்வளவுதானா? தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அவளுக்கும் கேட்கட்டும் என்று உரத்துச் சொன்னேன்: "நீ போன நாள்முதல் நான் ஒரு பருக்கை சோறு தொடேல்லை. முப்பத்தாறு இறாத்தல் குறைஞ்சிட்டன். நேற்று காத்துக்கு யன்னலால பறந்து, மாதா கோயில் மணியைப் பிடிச்சுத்தான் தப்பினனான்."

நேசமக்கா ரிசீவரைக் கையால் பொத்துவது கேட்டது. பிறகு: "வைக்கட்டாம்."

கஷ்டமாக இருக்கிறதே. உண்மை எப்படி இருக்கும்? எத்தனை எழுத்து? எந்தப் பக்கத்தில் தொடங்கும்?

ஒக்டோபர் 9, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன், எனக்கே விளங்கவில்லை என்பதால்.

பதினேழாம் மான்ஹோல் ஒழுங்கை திரும்பும் மூலையில் இருக்கிறது. எல்லாவற்றிலும் ஆழமானது அதுதான், மூன்று மீற்றருக்கு மேல். எல்லாத் தண்ணியும் அதற்குள்தான் வந்து விழுகிறது. அது ஒரு சத்தமும் போடுவதில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். குறும்பு வந்தது. அதன் லேபலைத் திறந்து, பெயர் என்று இருந்ததை அழித்துவிட்டு, தமிழில் 'கொன்ஸ்ரன்ஸ்' என்று தட்டினேன். முதலில் வெறும் கேள்விக்குறிகளாக வந்தது. தமிழ் எழுத்துரு ஒன்றைத் தேடிக் கொடுக்க மத்தியானமாகிவிட்டது. ஓகே அமர்த்தினேன்.

நாற்பத்தொரு மான்ஹோலும் கொன்ஸ்ரன்ஸ்!

ஒழுங்கைத் தலைப்பில் கொன்ஸ்ரன்ஸ், ஆழம் 1.20. கள்ளுக்கடைச் சந்தியில் கொன்ஸ்ரன்ஸ், 1.85. துறைமுக மதில் ஓரமாக வரிசையாகப் பதினொரு கொன்ஸ்ரன்ஸ். நான் ஒன்றைத்தானே தொட்டேன்? அந்தக் காலத்தில் மை எழுத்து ஒன்றை ரேசர் பிளேட்டால் சுரண்டி மாற்றி எழுதினால் பக்கத்து எழுத்து திரும்பியும் பார்க்காது. இங்கே நான் எழுத்தில் எழுதவில்லையாம், சட்டத்தில் எழுதிவிட்டேனாம். செலீன் வந்து பார்த்து, தலையில் கைவைத்து, "பழையபடி மாத்திவிடுங்கோ மாமா, நாளைக்குப் பிறின்ற் எடுக்கோணும்" என்று போய்விட்டாள்.

பழையபடி எங்கே இருக்கிறது?

ஒக்டோபர் 10

பிளானைக் கடையில் பெரிய தாளில் பிறின்ற் எடுத்தேன். நாளைக்கு ஒழுங்கையில் நடந்து, மான்ஹோல் வரும் இடங்களைச் சரிபார்க்க வேண்டும். எதையும் கவனிக்கவில்லை. வடக்குக் குறி நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சுருட்டிக்கொண்டேன்.

ஒக்டோபர் 11

எழுதக் கை வரவில்லை.

ஒக்டோபர் 13, சனி

முந்தாநாள் முகத்துவாரத்துச் சென்றிப் பொயின்ற்றில் என்னை முந்நூறு இராணுவத்தினரும் இரண்டு யுத்தத் தாங்கிகளும் ஒரு ஹெலிகொப்ரரும் சுற்றி வளைத்தன.

சரி. நாலு பேர். அதில் ஒருவன் வாழைப்பழம் தின்றுகொண்டு நின்றான்.

ஐசி என்ற அடையாள அட்டையைக் காட்டினேன், பொலிஸ் பதிவுத் துண்டைக் காட்டினேன். "மொக்கத மே?" இது என்ன என்று ஒருவன் சுருளைத் தட்டினான். வடிகான் பிளான் என்று என் அழகான சிங்களத்தில் சொன்னேன். விரித்தான். துறைமுக மதில். ஒழுங்கைகள். நாற்பத்தொரு வட்டம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழில் ஒரே சொல், கீழே ஆழம்.

வாழைப்பழக்காரன் தின்பதை நிறுத்தினான்.

அதற்குப் பிறகு நான் பகிடி விடவில்லை. ஜீப்பில் ஏற்றினார்கள். நான் என்ன செய்தனான்? ஒண்டும் செய்யேல்லையே. கடவுளே, ஒரு லேபல்தானே — எத்தனை பேர் இதைவிடக் குறைஞ்ச காரணத்துக்குப் போய், திரும்பி வரேல்லை —

பொலிஸில் இன்ஸ்பெக்டர் தமிழ் வாசிக்கத் தெரிந்த கொன்ஸ்ரபிளைக் கூப்பிட்டார். இப்றாஹிம் என்று பெயர். நோன்பு, முகம் வாடியிருந்தது. விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். வாசித்து முடிய என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"சேர் கேக்கிறார், இது ஆர்ர பேர் ஐயா? நாப்பத்தொரு எடத்துல ஒரே பேர் ஈக்கிது. எல்லாத்துக்கும் கீழ ஆழம் ஈக்கிது. அடீல என்னத்தப் பொதைச்சீக்கி?"

"தண்ணி போற குழி தம்பி. பேர் என்ர மனுசியின்ர."

"எல்லாக் குழியுமா?"

"நான் ஒரு குழிக்குத்தான் எழுதினனான். மெஷின் எல்லாத்துக்கும் போட்டிட்டுது."

இப்றாஹிம் சிங்களத்தில் சொன்னார். இன்ஸ்பெக்டர் என்னை நம்பவில்லை. என் வாழ்நாளில் நான் சொன்ன ஆயிரம் புளுகுகளை மனிதர்கள் வாயைப் பிளந்து நம்பினார்கள். மானம் மரியாதையாக ஒரு நாள் உள்ளதைச் சொன்னால் —

செலீன் அலுவலகக் கடிதத்தோடு ஓடி வந்தாள். வடிகான் உண்மை என்பதை ஒப்புக்கொண்டார்கள். பெயரை ஒப்புக்கொள்ளவில்லை. அப்படி ஒரு மனுஷி இருந்தால் ஐசியோடு வரட்டும், இல்லாவிட்டால் இவர் இங்கேயே இருக்கட்டும் என்றார் இன்ஸ்பெக்டர்.

செலீன் கிருலப்பனைக்கு எடுத்தாள். நான் வாங்கில் இருந்தேன். இருபத்தைந்து நாளாகக் கதைக்காதவள். வருவாளா? ஏன் வரவேண்டும்? 'பொலிஸ் பிடிச்சிட்டுது' என்றால் என்னுடைய இன்னொரு கதை என்றல்லவா நினைப்பாள்? நானாக இருந்தால் நம்பமாட்டேன்.

இரண்டு மணித்தியாலம். இது கூட்டிச் சொன்னதல்ல, சுவரில் மணிக்கூடு இருந்தது.

வந்தாள். கைப்பையைக் கேடயம்போல் பிடித்துக்கொண்டு, பின்னால் நேசமக்கா. என்னைப் பார்க்கவில்லை. ஐசியை மேசையில் வைத்தாள். இன்ஸ்பெக்டர் பிளானை அவள் பக்கம் திருப்பினார்.

குனிந்து வாசித்தாள். ஒழுங்கைத் தலைப்பிலிருந்து துறைமுக மதில் வரைக்கும், ஒன்றையும் விடாமல்.

"மெஷின் பிழையா எழுதினதாம். மெய்யா எண்டு கேக்கிறார்" என்றார் இப்றாஹிம்.

"மெஷினோ!" அவள் நிமிர்ந்தாள். "தம்பி, இந்த மனுசன் சொல்லுறது ஒண்டையும் நம்பாதேங்கோ. காலமை என்ன சாப்பிட்டவர் எண்டு கேட்டாலும் பொய்தான் வரும். ஆனா அந்தக் கண்ணைப் பாருங்கோ. ஒரு கோடு மயிரளவு விலகினாலும் மூண்டு வீட்டுக்கு அங்கால நிண்டு பிடிக்கிற கண். என்ர பேர் நாப்பத்தொரு இடத்தில நிக்குது, இவர் காணேல்லையாம்! கண்டவர். கண்டுட்டுத்தான் விட்டவர்."

"அந்தோனியார் சத்தியமாக் காணேல்லை!" என்று கத்தினேன்.

"பாத்தீங்களோ? இதுவும் பொய்."

பிறகு அரை மணித்தியாலம் என்னைப் பற்றி அந்த நிலையத்துக்கு ஒரு முழு அறிக்கை கொடுத்தாள். கப்பல் கப்டன் உட்பட. இப்றாஹிம் மொழிபெயர்க்க முடியாமல் பாதியில் விட்டுவிட்டார். இன்ஸ்பெக்டர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, கொப்பியில் ஒரு கையெழுத்து வாங்கி, போகச் சொன்னார். பிளானை மட்டும் வைத்துக்கொண்டார்.

எது என்னைக் காப்பாற்றியது? கடிதமா, ஐசியா? இல்லை, கூட்டுச் சதிக்காரி ஒருத்தி இப்படி ஏசமாட்டாள் என்று அந்த மனுஷன் கணக்குப் போட்டாரா? விளங்கவில்லை.

வெளியே வந்ததும் அவள் நேசமக்காவோடு ஆட்டோவில் ஏறினாள். கிருலப்பனைப் பக்கம் போய்விட்டாள்.

ஒக்டோபர் 15

செலீன் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, ஸ்ரைலுக்குள் மறுபடி 'பெயர்' என்பதைச் சேர்க்க வைத்தாள். நாற்பத்தொன்றும் ஒரே நொடியில் இலக்கங்களாக மாறிவிட்டன. "இப்ப விளங்குதோ?" என்றாள். விளங்குது என்றேன்.

அது பொய்.

ஒக்டோபர் 17, புதன்

ரெலிபோன். கொன்ஸ்ரன்ஸ்! அவளே!

"அந்தப் பிளானைத் திருப்பித் தந்தவங்களோ?"

"இல்லை, வச்சிருக்கிறாங்கள். ஏன்?"

"சும்மா."

வைத்துவிட்டாள். சும்மா என்றால்? யாராவது ஒரு பொம்பிளையின் 'சும்மா'வுக்கு ஒரு ஸ்ரைல் செய்து தந்தால், என் அரை இராச்சியம் அவருக்கு.

ஒக்டோபர் 21, ஞாயிறு

பூசை முடிந்து வர, கதவு திறந்து கிடந்தது. குசினியில் சத்தம். நான் அடிப்பிடிக்க விட்ட சட்டியை யாரோ உரஞ்சுகிற சத்தம்.

"இந்தச் சட்டியில என்ன செய்தனீங்கள், தார் காய்ச்சினீங்களோ?"

வாசலில் நின்றேன். சொல்வதற்குக் கைவசம் ஐந்தாறு சோடனைகள் இருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை. கடைசியில், "ஒரு உண்மை கேட்டனி..." என்று இழுத்தேன்.

"அதுதான் பொலிஸிலேயே நானே சொல்லியாச்சே" என்றாள் திரும்பாமல். "உங்களைச் சொல்லவிட்டா அதுக்கும் வால் முளைக்கும். தண்ணியை எடுத்துத் தாங்கோ."

எடுத்துக் கொடுத்தேன்.

இந்தக் கொப்பியை என்றாவது யாராவது வாசித்தால்: ஹெலிகொப்ரர் வரவில்லை. கப்டன் இல்லை, கப்பலும் இல்லை. நிலாவுக்குக் கோடு எட்டாது, ஏறக்குறைய காலி நகர்வரைக்கும் எட்டும். எதையும் கவனிக்கவில்லை என்று பத்தாம் திகதி நான் எழுதியதும் பொய். ஆனால் அவள் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் சொன்ன அந்த ஒன்று மட்டும், அந்தோனியார் என்னைப் பொறுக்கட்டும், உண்மை. கடையில் மெஷினிலிருந்து தாள் மெல்ல மெல்ல வெளியே வர, பக்கத்தில் நின்று ஒவ்வொரு கொன்ஸ்ரன்ஸாக எண்ணினேன். நாற்பத்தொன்று வரைக்கும். நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை.