உயிரோடு ஒரு சாட்சி

மார்ச் 3

மேம்பாலம் திறந்து மூன்றாம் நாளே விரிசல் விட்டதே, அந்த வருஷம். சினிமாக் கொட்டகை எரிந்ததும் அப்போதுதான். அந்த மழைக்காலத்தில் ஐஸ் ஃபேக்டரியில் என் இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே போயின. கால் போன கையோடு இந்த அறைக்கு வந்தேன்.

எனக்கு எழுத்து தெரியாது. வாடகை உதவி அலுவலகத்துப் பெண் போனில் ஏதோ செய்து கொடுத்திருக்கிறாள். நான் பேசினால் அது எழுதிக்கொள்கிறது. "ஞாபகம் வர்றதையெல்லாம் தினம் சொல்லி வைங்க தாத்தா" என்றாள். என்னைப் போன்றவர்கள் தெருவுக்கு வந்துவிடாமல் இருக்க, வாடகையில் பெரும்பங்கை இனி அவர்களே கட்டுவார்களாம். ஆனால் நான் இங்கே குடியிருப்பவன் என்பதற்கு ஒரு காகிதம் வேண்டும்.

மார்ச் 4

காகிதம் ஏது? வீட்டுக்காரம்மா இருந்தவரை எல்லாம் வாய்வார்த்தைதான். அவர் போய் எட்டு மாதம். இன்று அவர் மகன் வாசலில் நின்று சொன்னான்: "அம்மா பாவம் பாத்து விட்ட இடம் இது. நீங்க குடித்தனக்காரரே இல்ல. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க."

எங்கே போவேன்? படி இல்லாத அறை இந்தத் தெருவிலேயே இது ஒன்றுதான்.

மார்ச் 9

அலுவலகத்துப் பெண் வந்தாள். காகிதம் இல்லாவிட்டால் ஒரு சாட்சி போதுமாம். உறவாக இருக்கக் கூடாது, ஆரம்பத்திலிருந்து என்னை இங்கே பார்த்தவராக இருக்க வேண்டும். மூச்சு விடாமல் பதினோரு பேரைச் சொன்னேன். எதிர்வீட்டு இஸ்திரிக்காரர், குழாய் மேஸ்திரி, தண்ணீர் லாரிக்காரர்… யாருக்கு எத்தனை பிள்ளைகள், யாருக்கு எந்தக் கண்ணில் பூ விழுந்தது, எல்லாம்.

மார்ச் 13

"தாத்தா, விசாரிச்சிட்டேன். பதினோரு பேருமே போயிட்டாங்க."

"செத்தவங்க பொய் சொல்ல மாட்டாங்களேம்மா."

சிரித்தாள். பிறகு பேனாவை மூடி வைத்தாள்.

மார்ச் 14

யாரும் வரவில்லை.

மார்ச் 17

இருக்கிறான் ஒருவன். சொல்லாமல் விட்டேன்.

ஃபேக்டரியில் மேலே நின்று சங்கிலி இழுத்தவன். எங்களுக்கு அவன் பெயரே சங்கிலி. அவன் கை நழுவித்தான் ஐஸ் பெட்டி என் மேல் விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து என்னை முதுகில் சுமந்து வந்து இந்த அறையில் விட்டவனும் அவன்தான். அன்றிலிருந்து மாதாமாதம் இருபதாம் தேதி வந்து கதவைத் தட்டுவான். "அண்ணே, நான்தான்" என்பான். தெரியாதா எனக்கு? திறந்ததில்லை. ஒருநாள்கூட.

முதல் பத்து வருஷம் கோபம். அப்புறம்? எனக்கென்று வருகிற சத்தம் அது ஒன்றுதான் — திறந்துவிட்டால் அதுவும் நின்றுவிடுமோ என்று பயந்தேனா?

மார்ச் 20

தட்டினான். திறந்தேன்.

தலை முழுக்க வெளுத்திருந்தது. "அண்ணே" என்றான். உள்ளே வரவில்லை.

"வந்து உக்காருடா, கால் வலிக்கும்."

சொன்ன பிறகுதான் இரண்டு பேரும் கீழே பார்த்தோம். முதலில் சிரித்தது நான்தான். அவன் அழுதான். சாட்சி விஷயத்தைச் சொல்லி முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று.

மார்ச் 24

அலுவலகம். "இவர் அங்கதான் குடியிருந்தார்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று அவனைக் கேட்டாள்.

"அந்தக் கதவைத் தட்டித் தட்டி விரல் முட்டியெல்லாம் தேஞ்சு போச்சும்மா. உள்ளேருந்து 'போடா'ன்னு ஒரு குரல் வரும். இத்தனை வருஷமா அதே குரல்தான். வேற யாரு இருப்பாங்க?"

அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

ஏப்ரல் 6

உதவி கிடைத்துவிட்டது. வீட்டுக்காரம்மா மகன் முதல் வாடகை ரசீதைக் கொடுத்துவிட்டுப் போனான். போனவன் திரும்பி வந்து, நான் தலைகீழாகப் பிடித்திருந்ததை நேராக்கிவிட்டுப் போனான்.

மத்தியானம் அந்தப் பெண் போன் செய்தாள். "கடைசியா ஒண்ணு தாத்தா. உங்களுக்கு ஏதாவதுன்னா யாருக்குச் சொல்லணும்?"

யாருமில்லை என்று வாயெடுத்தேன். என்னைத் தெரிந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"சங்கிலின்னு எழுதிக்கோம்மா."