காத்திருந்த நேரம்

அக்கா,

கணக்கு நோட்டுக்கு அட்டை போட அம்மா இன்று உன் பெட்டியிலிருந்து ஒரு தாள் எடுத்துத் தந்தாள். இரண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அந்தக் கம்ப்யூட்டர் தாள். மை வாசனை இன்னும் போகவில்லை. அம்மா தூங்கிவிட்டாள். அவள் விழித்துவிடுவாளோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் காலேஜில் நீ நடத்திய பாடம் அதில் அச்சாகியிருக்கிறது. இரும்புத் தகட்டில் சூடு பரவுவதைப் பல கம்ப்யூட்டர்கள் பங்குபோட்டுக் கணக்கிடும். எண்ணிக்கையைக் கூட்டியும் வேகம் ஏன் கூடவில்லை என்று மாணவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். "தோசைக்கல்லு சூட்டைத் தொட்டுப் பாத்தாப் போதாதாக்கும்?" என்றாள் அத்தை.

வகுப்பில் சொல்ல உதாரணம் தேடி, நம் வீட்டில் கூலிக்குப் பேண்டேஜ் துணி வெட்டி மடிக்கும் வேலையை எடுத்துக்கொண்டாய். முதலில் அம்மாவும் அத்தையும் மடித்தார்கள். பிறகு நீயும் சேர்ந்தாய். கத்தரி ஒன்றுதான். உன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, யார் எவ்வளவு நேரம் மடித்தார்கள், எவ்வளவு நேரம் கத்தரிக்காகச் சும்மா இருந்தார்கள் என்று நீ போட்டுத் தந்த கட்டத்தில் நான் எழுதினேன். நீ வருத்தப்படுவாயே என்று சும்மா இருந்த நேரத்தைக் குறைத்துப் போட்டேன். இரண்டையும் கூட்டினாய். மொத்தம் கடிகார நேரத்தோடு இடித்தது.

"ஏட்டி, காத்திருந்தத மறைச்சா கோளாறு எங்கன்னு எப்படித் தெரியும்?"

அப்படிச் சொன்ன நீதான் மாசியில் காய்ச்சலை மறைத்தாய். "பரீட்சைக்குள்ள பாடத்த முடிச்சிருதேன். அம்மாட்ட மூச்சு விடாத, லீவு போடச் சொல்லுவா." நான் மூச்சு விடவில்லை. மூன்று நாள் காய்ச்சலோடு பஸ்ஸில் போய் வந்தாய். நாலாம் நாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை.

துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அம்மா இன்னமும் அதையேதான் சொல்கிறாள். "காலையிலதான மேலு சுட்டுச்சு. மத்தியானத்துக்குள்ள மதுர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டமே. ரொம்ப லேட்டுன்னு டாக்டர் சொல்லிட்டாரே. எங்க நேரம் போச்சுன்னு தெரியலியே." நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

சற்று முன் அந்தக் கம்ப்யூட்டர் தாளின் பின்பக்கம் உன்னைப் போலவே கட்டம் போட்டேன். அம்மா, அரை நாள். என் பெயருக்கு நேரே, மூன்று நாள். கூட்டினேன்; காய்ச்சல் தொடங்கியதிலிருந்து ஆஸ்பத்திரி வரை மூன்றரை நாள். சரியாக வந்தது.

எழுதிய பக்கம் உள்ளே போகும்படி மடித்து அட்டை போட்டுவிட்டேன். நாளை பையில் வைத்துக்கொண்டு போவேன். அம்மாவிடம் நீட்டத் தைரியம் வரவில்லை, அக்கா. போன நேரத்தை அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.