பூட்டிய கேற்

வெள்ளவத்தை
23.05.1993

அன்பு மகள் அருந்ததிக்கு,

நானும் அப்பாவும் இருக்கிறபடி இருக்கிறோம், நீயும் மருமகனும் சுகமாக இருக்கப் பிள்ளையார் துணை. கேற் விஷயம் என்னவாயிற்று என்று கேட்டாய், போனில் எல்லாம் கதைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். முன்வாசல் படியில் அப்பாவின் சக்கர நாற்காலி இறங்காது, பின்வீட்டு இஸ்ஸதீனின் வளவுக் கேற்றால்தான் கிளினிக்குக்குக் கொண்டுபோவோம். அதை அவர் தை மாதம் பூட்டியவர் திறக்கவேயில்லை, அப்பாவுக்கு மருந்து தவறியது, இடக்கையும் விறைத்துப்போனது. வழக்குப் போட்டால் முடிய எத்தனை வருஷம் என்று லோயரைக் கேட்டேன், சிரித்தார். அதனால் மத்தியஸ்த சபைக்கு எழுதிப் போட்டேன்.

பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் கூடினார்கள். அங்கே லோயர் வரக்கூடாதாம், தீர்ப்பும் சொல்ல மாட்டார்களாம், நாங்களே கதைத்து முடிக்க வேண்டுமாம். சின்னப் பிள்ளைகளின் வாங்குப் பலகையில் இஸ்ஸதீனும் நானும் முழங்கால் முட்ட இருந்தோம். நடுவில் இருந்த ஓய்வுபெற்ற ரீச்சர் பாதையைப் பற்றிக் கேட்கவில்லை, எப்போதிருந்து கோபம் என்றுதான் கேட்டார். இஸ்ஸதீன் என்னைப் பார்க்காமல், மகள்ட கலியாணத்துக்கு ஊடு தேடி வந்து சொன்னேன், ஒத்தரும் வரல்ல, ஏனெண்டு ஒரு வார்த்த சொல்லவுமில்ல என்றார். மகளே, அப்போது சித்தப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை கூட முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் ஷெல் பட்டுச் செத்தவருக்குக் கொழும்பில் ஒப்பாரி வைத்தால் பொலிஸ் வந்து செத்தது ஆர், என்ன தொடர்பு என்று துருவும் என்று, ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாவுத் துடக்குக் காத்தோம். துடக்கோடு கலியாண வீட்டுக்குப் போகலாமா? காரணம் சொல்லவும் பயம். அதை அந்த வாங்கில் இருந்துதான் முதன்முதல் வாய்திறந்து சொன்னேன். இஸ்ஸதீன் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். பிறகு, அப்ப ஒங்கட ஊட்டு மௌத்துக்கு வராதது நான்தானே அக்கா என்றார். அதற்குமேல் சபைக்கு வேலையில்லை, கையெழுத்து மட்டும் வாங்கினார்கள்.

அன்று மத்தியானமே கேற் திறந்தது. அவருடைய மனைவி இறைச்சி மீன் படாத புதுச் சட்டியில் மரக்கறிச் சோறு சமைத்து, செத்தவீட்டுக்குக் கொண்டுவருவது போல மூடி எடுத்து வந்தார். சோற்றில் கை வைத்த அப்பா தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்தி அழத் தொடங்கிவிட்டார். இந்த முறை நான் ஜன்னலைச் சாத்தவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, இரவுவேலை வேண்டாம். இஸ்ஸதீனின் மகளுக்கு மறக்காமல் ஒரு வாழ்த்து மடல் போடு, பிந்தினாலும் பரவாயில்லை. நீங்கள் இருவரும் நூறாண்டு வாழ வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா