நல்ல கால்

தென்காசி
3 ஜூன் 2024

அன்புள்ள முத்துவடிவு,

நலம் என்று எழுதினால் டாக்டர் பெர்சிஸ் சிரிப்பார். டயாலிசிஸ் கட்டிலில் படுத்தபடி எழுதுகிறேன். இடது கை மெஷினுக்கு, வலது கை உனக்கு. போனில் பேசினால் உடனே சண்டை வருகிறது. கடிதம் என்றால், அதைக் கொண்டுவரும் பலவேசத்தின் ஆட்டோ குற்றாலம் வந்து சேரும்வரையாவது சமாதானம்.

இடது காலில் கரும்புண். சுண்ணாம்புச் சத்து படிந்து தோலின் ரத்தக்குழாய்கள் அடைத்துவிட்டனவாம். வெற்றிலையில் தடவ வேண்டியதை உடம்பு காலில் தடவிக்கொண்டது. கத்தி வைக்கவில்லை, வெட்டினால் புண் பெரிதாகும் என்று பயம். டயாலிசிஸ் முடியும் நேரத்தில் ஒரு மருந்தை ரத்தத்தில் ஏற்றுகிறார்கள். ரத்தம் உறையாதிருக்கத் தின்ற மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். நோகாமல் கட்டுப் போடுகிறார்கள். "தேய்க்கவே கூடாது" என்று பெர்சிஸ் இரண்டு முறை சொன்னார். குளிக்க வருபவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் உன் கடையைப் பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

அங்கே அருவியில் தண்ணீர் கொட்டுகிறதாமே. எனக்கு டம்ளரில் அளந்து தருகிறார்கள்.

அன்புடன்,
வல்லிநாயகம்

குற்றாலம்
5 ஜூன் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

என் கடையை 'வழுக்கிவிடும் வியாபாரம்' என்றவருக்கு நான் எழுத வேண்டியதில்லை. அந்தச் சொல்லுக்குத்தானே நம் வீட்டைவிட்டு இங்கே வந்து கிடக்கிறேன். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

புண்ணில் தேய்க்கக் கூடாது, சரி. நல்ல கால் என்ன பாவம் செய்தது? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அப்பா பக்குவத்தில் புதிதாக எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன்.

"ஏட்டி, வேண்டாம்னு நீ விட்டுட்டு வந்த மனுசனுக்கா எண்ணெய் காய்ச்சுத?" என்கிறாள் பக்கத்துக் கடை மீனா. அடுப்பைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

முத்துவடிவு

தென்காசி
17 ஜூன் 2024

அன்புள்ள முத்துவடிவு,

அன்று வீட்டுக்கு வந்து நல்ல காலை நீ தேய்த்துவிட்டபோது, மெஷின் என்னைக் கட்டிப்போடுவதே மறந்துபோயிற்று.

இப்போது வலது காலிலும் ஒரு கரும்புண். நோய்க்கும் சமநீதி தெரியும்போல. உனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "யாராவது தேச்சாங்களா?" என்று பெர்சிஸ் கேட்டார். "என்னை யாரு தொடுதா டாக்டர்?" என்றேன். நம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வராதே. நீ எண்ணெயோடு நின்றால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எழுந்து ஓடவும் முடியாது.

வல்லிநாயகம்

குற்றாலம்
20 ஜூன் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தேய்த்தது நான்தான் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ரத்தம் சரியா ஓடாத தோலும்மா. பார்க்க நல்லா இருக்கும், அழுத்தினா தாங்காது" என்றார். ஆறுமா என்று கேட்டேன். "பார்ப்போம்" என்றார்.

நர்ஸ் கட்டு மாற்றக் கற்றுக்கொடுத்தாள். ஒட்டிய துணியை இழுக்கக் கூடாது. சலைன் விட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும். என் கை பழக்கத்தில் அழுத்தப் பார்க்கும். அழுத்தினால் கத்துங்கள். கல்யாணமான நாளிலிருந்து என்னைச் சொல்லாத சொல் இல்லை. 'வேண்டாம்' ஒன்றுதானா வாயில் வரவில்லை?

ஞாயிற்றுக்கிழமை வருவேன். எண்ணெய் கொண்டுவரவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவிப் பார்த்தேன், வாசனை போகவில்லை. அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முத்துவடிவு